மூச்சைக் காத்தவர்களின் கணக்கேடு

சத்திரசிகிச்சை ஒன்று வெற்றி பெற்றால் மறுநாள் பத்திரிகையில் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் வரும். வைத்தியசாலையின் பெயர் வரும். சில வேளைகளில் நோயாளியின் படமும் வரும். அந்த நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, பல மணிநேரம் அவருடைய மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, மீண்டும் கண் விழிக்கச் செய்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. அவ்வாறு பெயர் வராத ஒரு கூட்டத்தாரின் வரலாற்றையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையில் மயக்கமருந்து கொடுப்பவர்கள் வைத்தியர்கள். இது பிரித்தானியாவிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட மரபு. 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபோம் கொடுத்த ஜோன் ஸ்நோ ஒரு வைத்தியர். அவர் காலந்தொட்டு அங்கு அது வைத்தியர்களின் பணியாகவே நிலைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் கதை வேறு. அங்கு இப்பணியில் பெரும் பங்கை ஆற்றுபவர்கள், தாதியராகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் மயக்கமருந்துக் கல்வி பெற்றவர்கள். கிராமப்புற வைத்தியசாலைகள் பலவற்றில் இப்பணிக்கு அவர்களைத் தவிர வேறு எவரும் இல்லை.

அந்தக் கல்விக்கூடத்தினுள் நுழைவது இன்று இலகுவான காரியமன்று. இளமாணிப் பட்டம் வேண்டும். பதிவுபெற்ற தாதியாக இருக்க வேண்டும். அதன்மேல், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஆகக் குறைந்தது ஒரு வருட முழுநேர அனுபவம் வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளியை இரவு முழுவதும் தனியே பார்த்துக்கொண்டவர்தானா என்று நேர்முகப் பரீட்சையில் துருவித் துருவிக் கேட்பார்கள். நுழைந்த பின்னர் குறைந்தபட்சம் 36 மாதங்கள் படிக்க வேண்டும். ஆகக் குறைந்தது 600 பேருக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழக வேண்டும். 2,000 மணிநேரம் வைத்தியசாலைப் பயிற்சியில் கழிய வேண்டும். வகுப்பும் பயிற்சியும் சேர்ந்து வாரத்துக்குச் சராசரியாக 64 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பையே எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வாழ்க்கை எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இறுதியில் ஒரு தேசியப் பரீட்சையும் உண்டு.

இந்த வாயில் ஏன் இவ்வளவு ஒடுங்கியதாக அமைந்தது? மயக்கமருந்தின் ஆபத்து ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அது மட்டுமே காரணமன்று என்பதை வரலாறு காட்டுகிறது.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்டன் நகரில் வில்லியம் மோட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கினார். வலியற்ற சத்திரசிகிச்சை என்ற கனவு அன்று நனவானது. பதினாறு மாதங்கள்கூடச் சென்றிருக்கவில்லை. 1848 ஜனவரி 28ஆம் திகதி, இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்தாள். வலியைப் போக்கும் மருந்தே உயிரையும் போக்கும் என்பதை உலகம் அன்று அறிந்துகொண்டது.

ஆயினும் அமெரிக்க வைத்தியசாலைகளில் அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளும் அந்த மருந்து பெரும்பாலும் அனுபவமற்ற கைகளிலேயே இருந்தது. பயிற்சி வைத்தியர் ஒருவரையோ, மருத்துவ மாணவர் ஒருவரையோ நோயாளியின் தலைமாட்டில் நிறுத்துவார்கள். அவருடைய கண்களோ சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தியின்மீது இருக்கும். அவர் கற்க வந்தது அதைத்தான். அந்தப் பணிக்கு ஊதியமும் இல்லை, மதிப்பும் இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு ஆளில்லை.

இந்தக் குறையை நிரப்ப வந்தவர்கள் கத்தோலிக்க அருட்சகோதரிகள். 1877இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரிலுள்ள சென் வின்சன்ற் வைத்தியசாலையில் சகோதரி மேரி பேர்னாட் இப்பணியை ஏற்றார். 1889இல் மின்னசோட்டா மாநிலத்தின் ரொச்செஸ்டரில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சென் மேரிஸ் வைத்தியசாலையைத் திறந்தபோது, அங்கு சத்திரசிகிச்சை செய்த மேயோ குடும்பத்தினர் ஈடித் கிரஹாம் என்ற தாதிக்கு மயக்கமருந்து கொடுக்கக் கற்பித்தனர். 1893இல் ஈடித், சார்ள்ஸ் மேயோவைத் திருமணம் செய்துகொண்டு பணியிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் அவருடைய தோழி அலிஸ் மகோ.

அலிஸ் மகோவை இந்த வரலாற்றின் நாயகி என்றே நான் கருதுகிறேன். நோயாளியின் முகத்தில் துணி வலை மூடியை வைத்து, ஈதரைத் துளித்துளியாக விடுவார். மூச்சின் ஓசை, கண்ணின் மணி, தசையின் தளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தே அடுத்த துளியைத் தீர்மானிப்பார். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளியுடன் மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பார். பயம் நீங்கிய நோயாளிக்குக் குறைந்த ஈதர் போதும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

அவர் செய்த இன்னொரு காரியமே அவரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்தியது. அவர் கணக்கு வைத்தார். எத்தனை பேருக்கு எந்த மருந்து, எந்த முறையில், என்ன விளைவு என்பதைப் பதிந்து மருத்துவச் சஞ்சிகைகளில் வெளியிட்டார். 1906இல் வெளியான அவருடைய கட்டுரை பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கமருந்துச் சிகிச்சைகளை ஆராய்ந்தது. மயக்கமருந்தை நேரடிக் காரணமாகக் கொண்ட மரணம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பெண்களுக்கு வாக்குரிமைகூட நாடளாவிய ரீதியில் கிடைத்திராத ஒரு காலத்தில், பட்டம் எதுவுமற்ற ஒரு தாதியின் வார்த்தையை மருத்துவ உலகம் செவிமடுத்தது அந்த எண்ணிக்கையினால்தான்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர்கள் தாதியரை விரும்பியமைக்கு அவர்களுடைய திறமை மட்டும் காரணமாக இருக்கவில்லை. தாதி சத்திரசிகிச்சை கற்க ஆசைப்படமாட்டாள், சொன்னதைக் கேட்பாள், குறைந்த சம்பளத்துடன் திருப்தியடைவாள். இந்தக் கணிப்பும் சேர்ந்தே அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. பாராட்டுக்குள் ஓர் அவமதிப்பும் பொதிந்திருந்தது.

பயிற்சியை முறைப்படுத்தும் முயற்சி 1909இல் தொடங்கியது. ஒரிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் அக்னஸ் மக்கீ என்பவரின் பொறுப்பில் முதலாவது முறையான கற்கைநெறி ஆரம்பமாயிற்று. பெரும் புகழ் பெற்றது கிளீவ்லண்ட் நகரின் லேக்சைட் வைத்தியசாலைப் பாடசாலை. கனடாவில் பிறந்த அகதா ஹொட்ஜின்ஸ் என்ற தாதியை 1908இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் கிரைல் தமது மயக்கமருந்துப் பணிக்குத் தெரிவு செய்தார். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் இருவரும் பிரான்ஸ் சென்று காயமடைந்த படையினருக்குச் சிகிச்சையளித்தனர். திரும்பி வந்து 1915இல் பாடசாலையை நடத்தத் தொடங்கினர். கற்கைநெறியின் காலம் ஆறு மாதங்கள். அங்கு தாதியர் மட்டுமன்றி, வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் மாணவர்களாக அமர்ந்து கற்றனர். தாதி ஒருவர் வைத்தியருக்கு ஆசிரியையானமை அக்காலத்தில் சிறிய விடயமன்று.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1916இல் ஒஹையோ மாநில மருத்துவச் சபை, பதிவுபெற்ற வைத்தியர்கள் மட்டுமே மயக்கமருந்து கொடுக்கலாம் என்று அறிவித்தது. பாடசாலை இடைநிறுத்தப்பட்டது. கிரைல் சபையின் முன்தோன்றி வாதாடிய பின் 1917இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கென்டக்கி மாநிலத்தில், மாகரற் ஹற்பீல்ட் என்ற தாதியும் அவரைப் பணிக்கமர்த்திய லூயிஸ் பிராங் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்று. மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் அத்தொழிலைச் சேர்ந்தோரின் தனி நலனுக்காக அன்றி, மக்களின் நலனுக்காகவே இயற்றப்பட்டவை என்ற அடிப்படையில், மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தாதியின் பக்கம் தீர்ப்பளித்தது.

மிகப் பெரிய வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பணியாற்றிய டக்மார் நெல்சன் என்ற தாதிமீது, அவர் அனுமதிப்பத்திரமின்றி மருத்துவம் செய்வதாகக் கூறி, மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் 1934இல் வழக்குத் தொடர்ந்தார். நோயாளியின் கண்ணையும் தசையையும் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பது நோயறிதல் அன்றி வேறென்ன என்பது வாதம். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று அது. மயக்கமருந்தியலைத் தனித்துறையாகக் கட்டியெழுப்ப முயன்ற வைத்தியர்களுக்கு நோயாளியின் பாதுகாப்பிலும் உண்மையான அக்கறை இருந்தது. 1936இல் மாநில உயர் நீதிமன்றம் நெல்சனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சத்திரசிகிச்சை நிபுணரின் பணிப்புக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டே தாதி செயற்படுகிறார். எனவே அது மருத்துவத் தொழிலன்று என்பது தீர்ப்பின் சாரம்.

வாசகர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். தாதியர் வென்றனர். ஆனால் அந்த வெற்றி, "தீர்மானம் உங்களுடையதன்று" என்ற அடித்தளத்தின்மீது கிடைத்த வெற்றி. நடைமுறை அவ்வாறு இருந்ததா? 1933இல் சென் லூயிஸ் நகரில் எவற்ஸ் கிரஹாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் கண்ட ஒரு முழு நுரையீரலையும் ஒரே தடவையில் அகற்றினார். அத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பின் நோயாளி உயிர் பிழைத்தது அதுவே முதல் தடவை. அந்த நோயாளியும் ஒரு வைத்தியர்தான். மார்பு திறந்து கிடக்க, அவருடைய மூச்சைக் காத்தவர் ஹெலன் லாம் என்ற தாதி. 1957இல் கிரஹாம் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய நோயாளி அதன் பின்னரும் வாழ்ந்தார். அறுவையில் முழுக் கவனமும் செலுத்திக்கொண்டிருந்த ஒருவர், ஒவ்வொரு மூச்சுக்கும் தாதிக்குப் பணிப்புரை வழங்கியிருப்பார் என்று நம்புவது கடினம்.

சட்டம் ஒப்புக்கொள்ள மறுத்த அந்தச் சுயமான தீர்மானத்துக்கு ஒரு தகுதியைத் தேடிக்கொடுக்கும் முயற்சியாகவே பின்னர் நிகழ்ந்தவற்றை நான் பார்க்கிறேன். 1931இல் ஹொட்ஜின்ஸின் தலைமையில் தேசிய சங்கம் உருவாயிற்று. அமெரிக்கத் தாதியர் சங்கம் அதனைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள மறுத்தது. வைத்தியர்களும் ஏற்கவில்லை, சக தாதியரும் ஏற்கவில்லை என்ற நிலையில், தங்கள் தராதரத்தைத் தாங்களே நிறுவ வேண்டியவர்களாயினர். 1945இல் முதலாவது தேசியப் பரீட்சை நடைபெற்றது. 1952இல் பாடசாலைகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறை வந்தது. ஆறு மாதப் பயிற்சி வளர்ந்துகொண்டே சென்றது. 1998 அளவில் அனைத்துக் கற்கைநெறிகளும் முதுமாணித் தரத்தை எய்தின. 2022 முதல் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் கலாநிதிப் பட்டத்துக்கே படிக்க வேண்டும்.

வாயிலைக் காத்தவர்கள் எல்லோருக்கும் அதைத் திறந்துவிடவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கறுப்பினத் தாதியரைத் தங்கள் சங்கம் உறுப்பினராக ஏற்றது 1944இல்தான். ஆண்களை ஏற்றது 1947இல். ஒதுக்கப்பட்டவர்களும் பிறரை ஒதுக்குவார்கள் என்பது உலகெங்கும் காணும் வழமை. நமது மண்ணும் அதற்கு விலக்கன்று.

சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2001இல் வைத்தியரின் மேற்பார்வை கட்டாயம் என்ற மத்திய அரசின் நிபந்தனையிலிருந்து விலகிக்கொள்ள மாநிலங்களுக்கு வழி திறக்கப்பட்டது. முதலில் விலகியது ஐயோவா. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021இல் சங்கம் தன் பெயரில் ஒரு சொல்லை மாற்றி, 'மயக்கமருந்துத் தாதியர்' என்றிருந்ததைத் 'தாதிய மயக்கமருந்தியல்' என்றாக்கியபோது, வைத்தியர்களின் சங்கம் கடுமையாக ஆட்சேபித்தது. நோயாளி குழம்பிவிடுவார் என்றனர் ஒரு சாரார். உழைப்புக்குரிய பெயரைக் கேட்கிறோம் என்றனர் மறுசாரார்.

யார் எதைச் செய்யலாம் என்ற தகராறு நமது சுகாதாரத் துறைக்கும் புதிதன்று. அத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இரு தரப்பும் நோயாளியின் பெயராலேயே பேசுகின்றன. நோயாளிக்கு என்ன நடந்தது என்ற கணக்கை மேசையில் வைப்பவர்கள் குறைவு. அலிஸ் மகோ அதை வைத்தார். அதனால்தான் அவருடைய சொல் நின்றது.

இன்று அந்தப் பாடசாலையில் படிக்கும் மாணவியும் தான் கவனித்த ஒவ்வொரு நோயாளியையும் பதிவு செய்கிறாள். விடியுமுன் எழுந்து, சத்திரசிகிச்சைக் கூடத்தில் இயந்திரத்தைச் சோதித்து, மருந்துகளை ஆயத்தம் செய்து, மாலையில் உடற்றொழிலியல் படித்து, இரவில் அந்தப் பதிவை நிரப்புகிறாள். 600 என்ற எண்ணை நோக்கி ஒவ்வொன்றாக நகரும் அந்தப் பதிவேடு அவளுக்குச் சுமையாகத் தோன்றலாம். அவளுடைய தொழிலை வாழ வைத்தது அத்தகைய ஒரு பதிவேடுதான்.