கிளவுட் சேவையில் மூன்று வகை: எதை வாடகைக்கு எடுக்கலாம், எந்தப் பொறுப்பு நிறுவனத்திடமே இருக்கும்?

புது தில்லி: 2025 ஜூலை இறுதியில் நயாரா எனர்ஜி நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையையும், நாடு முழுவதும் 6,000-க்கும் மேற்பட்ட பெட்ரோல் விற்பனை நிலையங்களையும் கொண்ட அந்நிறுவனம், தனது அலுவலக மின்னஞ்சல் முடங்கிப்போனது குறித்து முறையிட்டது.

நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13 சதவீதப் பங்கு உள்ளது. இதனைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18 அன்று அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. அடுத்த சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு வழங்கிவந்த அவுட்லுக், டீம்ஸ் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. முழுக் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமங்கள் கையில் இருந்தும், தனக்குச் சொந்தமான தரவுகளையே அணுக முடியவில்லை என்பது நயாராவின் வாதம். ஜூலை 30 அன்று சேவைகள் மீண்டும் கிடைத்தன. மனு திரும்பப் பெறப்பட்டது.

கிளவுட் எனப்படும் மேகக் கணிமைச் சேவையை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் கேட்க வேண்டிய கேள்வியை இந்த வழக்கு முன்வைத்தது. வாடகைக்கு எடுக்கப்படுவது எது? எந்த இடத்தில் வழங்குநரின் பொறுப்பு முடிந்து, வாடிக்கையாளரின் பொறுப்பு தொடங்குகிறது? இதற்கான விடை, தேர்ந்தெடுக்கும் சேவை வகையைப் பொறுத்தே அமைகிறது.

மூன்று வகைகள்

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன்படி கிளவுட் சேவைகள் மூன்று வகைப்படும்: உள்கட்டமைப்புச் சேவை, தளச் சேவை, மென்பொருள் சேவை. தொழில்துறையினர் இவற்றை முறையே ஐயாஸ், பாஸ், சாஸ் என்று சுருக்கமாக அழைக்கின்றனர்.

திருமண விருந்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, சமையல்காரர், பாத்திரம், மளிகை அனைத்தையும் தாமே ஏற்பாடு செய்வது முதல் வகை. அடுப்பும் பாத்திரமும் பணியாளரும் ஆயத்தமாக உள்ள சமையற்கூடத்தில் தமது சமையலை மட்டும் செய்துகொள்வது இரண்டாம் வகை. இலைக்கு இவ்வளவு என்று பேசி, சாப்பாடு முழுவதையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவது மூன்றாம் வகை. ஆனால், பந்தியில் குறை வந்தால் விருந்தினர் கேள்வி கேட்பது மூன்றிலும் வீட்டுக்காரரைத்தான்.

உள்கட்டமைப்புச் சேவை

சர்வர், சேமிப்பகம், வலையமைப்பு ஆகிய அடிப்படை வசதிகள் மட்டும் இதில் வாடகைக்குக் கிடைக்கும். அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் 2006-ல் சேமிப்பகத்தையும் மெய்நிகர் கணினிகளையும் இவ்வாறு வழங்கத் தொடங்கியபோது இந்தத் துறை வேகம் பெற்றது. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள் பழுது ஆகியவற்றை வழங்குநர் கவனிப்பார். இயங்குதளத்தைப் புதுப்பித்தல், தீச்சுவர் அமைப்பு, செயலி, தரவு, காப்பு நகல் ஆகியவை வாடிக்கையாளரின் பொறுப்பு.

பயன்படுத்திய நேரத்துக்கும் அளவுக்கும் ஏற்பக் கட்டணம் அமையும். ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்கு உறுதியளித்தால் தள்ளுபடி உண்டு. தேவை திடீரெனப் பெருகிக் குறையும் பணிகளுக்கு இது ஏற்றது. பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் சில மணி நேர நெரிசலுக்காக ஆண்டு முழுவதும் சர்வர்களை வாங்கி வைத்திருக்க வேண்டியதில்லை. மாறாக, பயன்பாடு முடிந்தும் அணைக்க மறந்த மெய்நிகர் கணினிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனைக் கண்காணிக்கத் தகுதியான பணியாளர் தேவை.

தளச் சேவை

மென்பொருளை உருவாக்கி இயக்குவதற்கான சூழல் முழுவதும் இதில் ஆயத்த நிலையில் கிடைக்கும். 2008-ல் அறிமுகமான கூகுள் ஆப் எஞ்சின் இதற்குத் தொடக்ககால உதாரணம். இயங்குதளம், தரவுத்தள மென்பொருள், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவை வழங்குநரின் கடமை. நிறுவனம் தனது நிரலையும் தரவையும் மட்டும் கவனித்தால் போதும்.

சொந்தமாகச் செயலி உருவாக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கு இதனால் காலமும் ஆள்செலவும் மிச்சமாகும். ஆனால் நிரல், அந்த வழங்குநரின் தனித்துவமான தரவுத்தளத்தோடும் கருவிகளோடும் பிணைந்து வளரும். பின்னாளில் வேறொரு வழங்குநருக்கு மாற முற்படும்போது நிரலின் பெரும்பகுதியைத் திருத்தி எழுத நேரிடலாம். நுழைவது எளிது, வெளியேறுவது கடினம் என்ற நிலை இந்த வகையில்தான் அதிகம் உணரப்படுகிறது.

மென்பொருள் சேவை

மின்னஞ்சல், கணக்குப் பதிவு, ஊதியப் பட்டியல், வாடிக்கையாளர் தொடர்பு போன்ற பணிகளுக்கான முழுமையான மென்பொருள் இணையம் வழியே கிடைப்பது இந்த வகை. பயனர் ஒருவருக்கு மாதம் அல்லது ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் அமையும். 1999-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் இதன் முன்னோடிகளில் ஒன்று.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஜோஹோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. தென்காசியிலும் அதற்கு அலுவலகம் உள்ளது. 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

தலைநகரிலும் இதன் தாக்கம் தெரிகிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தேசிய தகவல் மையத்தின் அமைப்பிலிருந்து ஜோஹோ தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. இதற்கான ஏழாண்டு ஒப்பந்தம் 2023-ல் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. அரசு முகவரிகளின் இறுதிப் பெயர் மட்டும் பழையபடியே தொடர்கிறது. சேவை வழங்குநர் மாறினாலும் முகவரி மாறாதிருப்பது வணிக நிறுவனங்களும் கவனிக்க வேண்டிய ஏற்பாடு. சொந்தப் பெயரில் டொமைன் வைத்திருக்கும் நிறுவனம், வழங்குநரை மாற்றும்போது தனது வாடிக்கையாளர்களுடனான தொடர்பை இழப்பதில்லை.

மென்பொருள் சேவையில் வாடிக்கையாளரின் வேலை மிகக் குறைவு. கட்டுப்பாடும் மிகக் குறைவு. வழங்குநர் கணக்கை முடக்கினால் அன்றாடப் பணியே நின்றுவிடும் என்பதை நயாரா நிகழ்வு உணர்த்தியது.

ஒப்பீடு: சுருக்கமாக

கட்டுப்பாடு: உள்கட்டமைப்புச் சேவையில் அதிகம், தளச் சேவையில் நடுத்தரம், மென்பொருள் சேவையில் குறைவு.

தேவையான தொழில்நுட்பப் பணியாளர்: முதல் வகைக்கு அமைப்பு நிர்வாகிகள், இரண்டாவதற்கு நிரலாளர்கள், மூன்றாவதற்குப் பயனர் கணக்குகளைக் கவனிக்கும் ஒருவர்.

கட்டணம்: முதல் இரண்டிலும் பயன்பாட்டு அளவின்படி, மூன்றாவதில் பெரும்பாலும் பயனர் எண்ணிக்கையின்படி.

வெளியேறும் வழி: முதலாவதில் ஓரளவு எளிது, இரண்டாவதில் நிரலைத் திருத்த வேண்டும், மூன்றாவதில் தரவை எந்த வடிவில் திரும்பப் பெறலாம் என்பதைப் பொறுத்தது.

மூன்றிலும் மாறாதவை: கடவுச்சொல், யாருக்கு எந்த அனுமதி என்ற முடிவு, தரவின் உரிமை. இவை என்றும் வாடிக்கையாளரின் பொறுப்பே.

சொந்த சர்வர் பாதுகாப்பானதா?

பிறரைச் சார்ந்திருப்பதில் இவ்வளவு சிக்கல் இருந்தால் சொந்த இடத்திலேயே சர்வர் வைத்துக்கொள்வது மேல் என்ற எண்ணம் எழலாம். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அனுபவம் அதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2022 நவம்பர் 23 அன்று அங்கு நடந்த இணையத் தாக்குதலில் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகள் பதிவு உள்ளிட்ட பணிகள் பல நாள்கள் காகிதத்தில் நடைபெற்றன. வலையமைப்பு முறையாகப் பகுதி பிரிக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவகுத்தது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்றிலிருந்து மின்-மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதனை அன்றாடம் பராமரிக்கும் ஆள்பலமும் தனியே வைக்கப்பட்ட காப்பு நகலும் முக்கியம் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

உள்நாட்டில் தரவு மையங்கள்

அரசுத் துறைகளுக்கென ‘மேகராஜ்’ என்ற திட்டத்தின் கீழ் தேசிய தகவல் மையத்தின் கிளவுட் சேவை 2014-ல் தொடங்கப்பட்டது. தில்லி சாஸ்திரி பார்க், ஹைதராபாத், புணே, புவனேசுவரம் ஆகிய இடங்களில் அம்மையத்தின் தேசியத் தரவு மையங்கள் உள்ளன. தனியார் வழங்குநர்களைத் தணிக்கை செய்து அங்கீகரிக்கும் நடைமுறையும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் உள்ளது.

பன்னாட்டு நிறுவனங்களில் மைக்ரோசாஃப்ட் 2015-ல் புணே, மும்பை, சென்னையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் கிளவுட் மையங்களைத் தொடங்கின. கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் தில்லி தேசிய தலைநகர்ப் பகுதியிலும் தொடங்கியது. எனவே, தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்பது இன்று சிறு நிறுவனங்களுக்கும் இயலக்கூடியதே. ஆயினும், தரவு இந்திய மண்ணில் இருந்தாலும் சேவையை இயக்கும் நிறுவனம் வெளிநாட்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

சட்டம் யாரைக் கேட்கும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதில் தெளிவாக உள்ளது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தரவைத் திரட்டும் நிறுவனமே அதற்குப் பொறுப்பு. வேறொரு நிறுவனம் அதன் சார்பில் அத்தரவைக் கையாண்டாலும் பொறுப்பு நீங்காது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலும் இதுவே நிலை. போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

இந்திய கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். மென்பொருள் சேவையைப் பயன்படுத்தும் நிறுவனம் இப்பதிவுகளை வழங்குநரிடம் கேட்டுப் பெறும் உரிமையை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

மின்னணு முறையில் கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்கும் கம்பெனிகள், அவற்றின் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் சேமிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதி கூறுகிறது. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்கு செபி ஆகியவை 2023-ல் தனித்தனி நெறிமுறைகளை வெளியிட்டன.

யாருக்கு எது பொருந்தும்?

சதர் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவருக்கோ, ஓக்லாவில் சிறு தொழிற்கூடம் நடத்துபவருக்கோ கணினி நிபுணரைப் பணியமர்த்தும் வசதி இருப்பதில்லை. விலைப்பட்டியல், மின்னஞ்சல், கணக்கு ஆகியவற்றுக்கு மென்பொருள் சேவையே அவர்களுக்கு ஏற்றது. சொந்தச் செயலியை உருவாக்கும் நிறுவனம் தளச் சேவையில் தொடங்கலாம். பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பழைய மென்பொருளை மாற்றாமல் அப்படியே இயக்க விரும்பும் நிறுவனத்துக்கும், மாறுபடும் கணினித் திறன் தேவைப்படும் நிறுவனத்துக்கும் உள்கட்டமைப்புச் சேவை பொருந்தும். நடைமுறையில் நடுத்தர நிறுவனங்கள் பலவும் மூன்றையும் கலந்தே பயன்படுத்துகின்றன.

ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* எந்தச் சூழலில் வழங்குநர் சேவையை நிறுத்தலாம்? எத்தனை நாள் முன்னறிவிப்பு உண்டு?
* எந்த நாட்டுச் சட்டமும் எந்த நகர நீதிமன்றமும் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும்?
* தரவும் அதன் காப்பு நகலும் எந்த நாட்டில் இருக்கும்?
* விலகும்போது தரவை எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் பெறலாம்? வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா?
* ஊடுருவல் நிகழ்ந்தால் 6 மணி நேரக் கெடுவுக்குள் தெரிவிக்கும் வகையில் வழங்குநர் உடனே தகவல் தருவாரா?
* அந்த வழங்குநரைச் சாராத வேறோர் இடத்தில் நிறுவனத்தின் சொந்தக் காப்பு நகல் உள்ளதா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் வழங்குநர் விடை தர இயலாது. முக்கியக் கோப்புகளை வாரந்தோறும் தனியே நகலெடுத்து, அது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது, எந்த வகைச் சேவையை வாங்கினாலும் நிறுவனம் தானே செய்ய வேண்டிய வேலை.