நீர் மாத்திரையின் வரலாற்றில் ஓர் ஏடு

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இரத்தக் கொதிப்புக்கென நாள்தோறும் காலையில் 'நீர் மாத்திரை' உட்கொள்ளும் பெரியோர் பலரை நாம் அறிவோம். விலை சொற்பம், பயனோ பெரிது. ஆயினும் அம்மாத்திரையின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஏடு ஒன்று உண்டு.

1919ஆம் ஆண்டில் வியன்னா நகரில், மேகநோய்க்கென ஊசி வழியே செலுத்திய பாதரச மருந்து சிறுநீரைப் பெருக்குவதை ஆல்பிரட் வோகல் என்னும் மருத்துவ மாணவர் கண்டார். பிறகு ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் இருதய நோயாளரின் வீக்கத்தை வடிக்கப் பாதரசமே கைகொடுத்தது. (பாதரசத்தைச் சுத்தி செய்யாமல் தொடலாகாது என்று நம் சித்த வைத்தியர்கள் எச்சரிப்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.) 1949இல் போஸ்டன் நகரத்து வில்லியம் ஷ்வார்ட்ஸ், சல்பா மருந்தொன்று உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதை எடுத்துக்காட்டினார். அவ்வழியே சென்ற மெர்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் குளோரோதயசைடை ஆக்கினர். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே ஹைட்ரோகுளோரோதயசைடும் வந்தது. ஊசியின் வேலையை மாத்திரை ஏற்றது.

பத்தாண்டு கழியுமுன், 1968இல், அமெரிக்க மருத்துவ இதழொன்றில் விந்தையான செய்தி வெளியாயிற்று. ஹைட்ரோகுளோரோதயசைடை விழுங்கியபின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம்! நீரை வெளியேற்றும் மருந்தே நுரையீரலில் நீர் சேரக் காரணமாகுமென யார் எண்ணியிருப்பர்? பிற்காலத்தில் இத்தகைய செய்திகள் வேறு நாடுகளிலிருந்தும் வந்தன. இது மிக மிக அரிது; பெரும்பாலும் பெண்களிடமே காணப்பட்டது. மாத்திரை உட்கொண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மூச்சு முட்டும். காய்ச்சல், வாந்தி தோன்றும். இரத்த அழுத்தம் சரியும். இருதயமோ பழுதின்றி இருக்கும். ஆயினும் காண்பவர்க்கு அது இருதயத் தளர்ச்சியாகவோ நிமோனியாவாகவோ தோன்றும். இருதயத் தளர்ச்சியென்று கருதி மேலும் நீர் பிரிக்கும் மருந்தைச் செலுத்தினால், தாழ்ந்த அழுத்தம் இன்னும் தாழக்கூடும். மாத்திரையை நிறுத்திப் பிராணவாயு அளித்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தேறினர். சிலர் மாண்டதும் உண்டு. காரணம் விளங்காமலே வீடு திரும்பி, மீண்டும் அதே மாத்திரையை விழுங்கி, இரண்டாம் முறையும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகே உண்மை புலப்பட்டவர் பலர்.

அரிய தீங்குகளை இவ்வாறு ஒன்றுசேர்த்துப் பார்க்கும் பணியில் மும்பைக்கும் பங்குண்டு. 2004இல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியபோது, பரேலிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி மண்டல மையங்களுள் ஒன்றாயிற்று. 2010இல் புதிய திட்டம் பிறந்தது. அதன் 1800-180-3024 என்னும் இலவசத் தொலைபேசி வழியே நோயாளரும் தெரிவிக்கலாம்.

இதைக் கேட்டு அஞ்சி, நேயர்கள் யாரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டா. மூச்சு முட்டி வருபவரிடம் டாக்டர் மராத்தியிலோ இந்தியிலோ வினவுவார். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியார் என்ன விடை சொல்வார்? ஆகவே மாத்திரையின் பெயரும், அதைத் தொடங்கிய நாளும், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்துகளும் எழுதிய சீட்டு ஒன்று அவர் கைப்பையில் இருக்கட்டும்.