இணையப் பாதுகாப்பு ஆய்வுப் பணி: வில்லியனூர், பாகூர்

இணையப் பாதுகாப்பு, தகவல் முறைமை ஆகிய துறைகளில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கற்பித்தும் ஆராய்ந்தும் பிழைக்கும் தொழில் இது. முதலாவது கணினி அறிவியலின் கிளை. குறியாக்கவியலும் வலையமைப்புப் பாதுகாப்பும் இதில் அடங்கும். இரண்டாவது பெரும்பாலும் மேலாண்மைத் துறைகளில் வளர்ந்தது. மனிதரும் நிறுவனங்களும் கணினியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஆராயும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் ஒருவர் ஓடிபியைச் சொல்லி ஏமாந்தால், முதல் துறையினர் பூட்டைப் பார்ப்பார்கள். இரண்டாம் துறையினர் சாவியைக் கொடுத்தவரைப் பார்ப்பார்கள்.

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் அரியூரிலும் பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் இருப்பதால், பி.டெக். வரை ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்கோ பலரும் காலாப்பட்டுப் பக்கம் போகிறார்கள். அங்கே 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அருகே பிள்ளைச்சாவடியில் 1984இல் உருவான பொறியியல் கல்லூரி, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. காரைக்காலில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உண்டு (2010). சென்னைத் தரமணியில் இணையப் பாதுகாப்புக்கென்றே 2002இல் தொடங்கப்பட்ட ‘செட்ஸ்’ என்ற ஆய்வு அமைப்பு இயங்குகிறது. ஆசியகிரிப்ட் என்னும் பன்னாட்டுக் குறியாக்கவியல் மாநாடு 2005இல் சென்னையில்தான் கூடியது.

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.டெக். போதும், இணைப் பேராசிரியர் பதவிக்கோ முனைவர் பட்டம் தேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டு வரை அவகாசம். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. ஏழாவது ஊதியக் குழு அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. தனியார் கல்லூரிகளின் கதை வேறு: வகுப்பு, விடைத்தாள், சேர்க்கை வேலை என்று நாள் கரைந்துபோக, ஆய்வு இரவுக்குத் தள்ளப்படும். உதவித்தொகை இல்லாமல் பகுதிநேரமாகப் பதிவு செய்வோருக்கு இதுவே பெரிய முட்டுக்கட்டை.

படிப்பவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி பாகூருக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூர் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்விச் செலவுக்கு நிலத்தின் வருவாயையே எழுதிவைத்த ஏற்பாடு அது. இன்றைய ஜேஆர்எஃப் ஐந்து ஆண்டில் நின்றுவிடும்.

அதற்கான நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இணையப் பாதுகாப்பில் ஆய்வு செய்ய விரும்புவோர் அதைக் கணினி அறிவியல் பாடத்தில் எழுதுகிறார்கள்.