பொற்கையும் புனைகதை மாந்தரும்

கூடலூரை அடுத்த மங்கலதேவி மலையில் சித்திரை முழுநிலவு நாளில் வழிபடப்பெறும் கண்ணகி, மதுரையை நீங்குமுன் கேட்ட கதையொன்று இன்றைய அறிவியல் புனைகதையாளர்க்கும் பயன்படும்.

கீரந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிய தவற்றுக்காகத் தன் கையையே குறைத்துக்கொண்ட பாண்டியனைப் பற்றி, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் அவளுக்குக் கூறுகிறது. சிலப்பதிகாரம் கையிழப்போடு நிற்கிறது. அவனுக்குப் பொன்னாலான கை பொருத்திப் 'பொற்கைப் பாண்டியன்' என வழங்கியது பிற்கால மரபாகும்.

விண்வெளி வாழ்வுக்கேற்பக் கருவியோடு இணைந்த மனிதனைக் குறிக்க, 'சைபோர்க்' என்னும் சொல்லைக் கிளைன்சும் கிளைனும் 1960இல் ஆக்கினர். பொற்கை எவ்வாறு இயங்கிற்று என மரபு விளக்கவில்லை; எனினும் பாண்டியனை நம்புகிறோம். இழப்பின் காரணத்தை நாம் அறிவோம். பொன்னும் அக்குற்றத்தை நாளும் நினைவூட்டுகிறது. ஆகவே இயந்திர உறுப்புடைய மாந்தரைப் படைப்போர், பொறியின் ஆற்றலை விரிக்குமுன் இழந்த உறுப்பின் வரலாற்றை எழுதுதல் வேண்டும்.