செக்கோட்டோவின் தெருக்கள்

1940ஆம் ஆண்டு ஜொஹன்னஸ்பர்க் கலைக்கூடம் தன் சேகரிப்புக்காக ஓர் ஓவியத்தை விலைக்கு வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படைப்பை அக்கூடம் வாங்கியது அதுவே முதன்முறை. ஓவியத்தின் பெயர் 'மஞ்சள் வீடுகள்: சோஃபியாடவுனில் ஒரு தெரு'. வரைந்தவர் ஜெரார்ட் செக்கோட்டோ. வெயில் படிந்த சுவர்கள், மண் தெரு, அதில் நடமாடும் சிலர். பெரிய நிகழ்ச்சி எதுவும் அதில் இல்லை.

செக்கோட்டோ 1913இல் போட்ஷபெலோ என்னும் லூதரன் மிஷன் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஓவியனாகவே வாழ்வது என்று முடிவு செய்து, 1930களின் இறுதியில் வேலையை விட்டுவிட்டு ஜொஹன்னஸ்பர்க் வந்தார். தங்கிய இடம் சோஃபியாடவுன். டோபியான்ஸ்கி என்ற மனைவணிகர் தம் மனைவி சோஃபியாவின் பெயரை இட்டு உருவாக்கிய பகுதி அது. கறுப்பர்கள் சொந்தப் பெயரில் மனை வைத்திருக்க முடிந்த மிகச்சில நகர்ப்பகுதிகளுள் ஒன்று. இந்தியரும் சீனரும்கூட அங்கே குடியிருந்தனர். சட்டம் பிரித்து வைக்க விரும்பியவர்கள் ஒரே தெருவில் நடந்தார்கள் என்பதே, பின்னாளில் அத்தெருவின் குற்றமாயிற்று.

எண்ணெய் வண்ணத்துக்கு வசதியில்லாத தொடக்க நாட்களில் பழுப்புக் காகிதத்தில் மலிவான போஸ்டர் வண்ணங்களால் வரைந்தார். 1942இல் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதிக்கும், 1945இல் பிரிட்டோரியாவை அடுத்த ஈஸ்ட்வுட்டுக்கும் குடிபெயர்ந்தார். எங்கு சென்றாலும் வரைந்தது தெருவையும் வீட்டையும் அவற்றில் புழங்கும் மனிதரையும்தான். இதில் அரசியல் எங்கே என்று கேட்பவர்கள், ஈஸ்ட்வுட்டில் அவர் வரைந்த 'குந்தாலியின் பாட்டு' ஓவியத்தைச் சற்று நின்று பார்க்கலாம். வரிசையாக நிற்கும் தொழிலாளர்களின் குந்தாலிகள் ஒரே வீச்சாக உயர்ந்திருக்கின்றன. எதிரே வெள்ளை மேற்பார்வையாளன், வாயில் சுங்கானுடன், மெலிந்த உருவமாக. கலகம் ஏதும் நடக்கவில்லை. ஆனால் யார் பக்கம் வலிமை இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்குகிறது.

1947இல் செக்கோட்டோ பாரிஸ் சென்றார். மறு ஆண்டு தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1955 பிப்ரவரி 9 அன்று ஆயுதமேந்திய 2,000 காவலர்கள் சோஃபியாடவுனைச் சூழ்ந்து, குடும்பங்களை லாரிகளில் ஏற்றி மெடோலேண்ட்ஸுக்கு அனுப்பத் தொடங்கினர். இடிக்கப்பட்ட இடத்தில் வெள்ளையருக்கான குடியிருப்பு எழுந்தது. அதற்கு இட்ட பெயர் ட்ரையோம்ஃப். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'வெற்றி'. 1966இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 60,000 பேர் வரை வெளியேற்றப்பட்டனர். ஈஸ்ட்வுட்டும் தப்பவில்லை. செக்கோட்டோ வாழ்ந்து வரைந்த மூன்று இடங்களும் இவ்வாறு அழிந்தன. ஆவணப்படுத்தும் எண்ணமே இல்லாமல் தீட்டிய அன்றாடக் காட்சிகள் ஆவணங்களாக மாறியது அதனால்தான்.

பாரிஸில் மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பிழைத்தார். விட்டுவந்த தெருக்களை நினைவிலிருந்து வரைந்துகொண்டே இருந்தார். அப்படங்களில் தேர்ச்சி குறையவில்லை. ஆயினும் கண்ணெதிரே கண்டு வரைந்தவற்றின் சூடு அவற்றில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1989இல் ஜொஹன்னஸ்பர்க் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளை ஒருசேரக் காட்சிக்கு வைத்தது. செக்கோட்டோ அப்போது பிரான்சில் இருந்தார். 1993இல் அங்கேயே இறந்தார். 1947க்குப் பின் தென்னாப்பிரிக்க மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.