அடக்கம்: ஒரு பெயர், இரு வினைகள்

அடங்கு என்பது தன்வினை. அடக்கு என்பது பிறவினை. வினையாக நிற்கும்வரை இவை குழம்புவதில்லை. பெயராகும்போதோ இரண்டும் 'அடக்கம்' என்னும் ஒரே வடிவில் வந்து சேர்கின்றன. இயங்கு, இயக்கு இரண்டும் 'இயக்கம்' ஆவது போல. ஒருவர் தாமே அடங்கினாரா, பிறரால் அடக்கப்பட்டாரா என்பதை அப்பெயர் சொல்வதில்லை.

திருக்குறளின் 13ஆம் அதிகாரத்தில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. 'அடக்கமுடைமை' என்று உடைமையாகச் சொன்னதே போதும். ஐம்பொறி, நா, சினம் என அங்கு அடங்க வேண்டியவை எல்லாம் ஒருவருக்கு உள்ளேயே இருப்பவை. செல்வரைத் தனித்துச் சுட்டுமிடத்திலும் பணிவு அவர்களுக்கே கூடுதல் பெருமை எனப்படுகிறது. எளியோரிடம் மட்டும் அது கேட்கப்படவில்லை.

திருவிதாங்கூரில் நிலை தலைகீழானது. தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மார்பை மறைத்தது மிஷனரிகளின் பார்வையில் அடக்கம். மேல்சாதியார் பார்வையில் அடங்காமை. ஒரே துணி, இரு வினைகள். கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்த அரசு, மேல்சாதிப் பெண்கள் அணியும் மேல்சீலையை 1829இல் அவர்களுக்கு மறுத்தது. கலவரங்களுக்கும் சென்னை ஆளுநர் டிரெவிலியனின் வற்புறுத்தலுக்கும் பின்னர், 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த ஆணை கிறித்தவரல்லாத நாடார் பெண்களும் மார்பை மறைக்க இசைந்தது. ஆயினும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டலாம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற வரம்பையும் அது விதித்தது. அரசின் கவலை உடலைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது என்பதற்கு இவ்வரம்பே சான்று. மிஷனரிகள் கேட்ட நாணமும் அப்பெண்களின் சொந்தச் சொல்லன்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இன்றைய திருவனந்தபுரத்து மலையாளத்தில் 'அடக்கம்' பெரும்பாலும் 'உட்பட' என்ற பொருளில் விலைப்பட்டியல்களில் நிற்கிறது. தமிழின் 'அடக்கவிலை' இதற்கு உறவு. பழைய பொருள் இணைமொழியில் தங்கியிருக்கிறது: தமிழில் 'அடக்க ஒடுக்கம்', மலையாளத்தில் 'அடக்கவும் ஒதுக்கவும்'. ஒடுங்கு, ஒடுக்கு இரண்டும் 'ஒடுக்கம்' ஆவதால் தமிழ்த்தொடரில் குழப்பம் இரட்டிப்பாகிறது. இரு மொழிகளிலும் இத்தொடர் பெரும்பாலும் பெண்ணுக்கே அடையாகிறது.