நிறத்திலிருந்து எண்ணுக்கு: ஒரு துளி ரத்தத்தின் வரலாறு

நோயாளியின் ரத்தம் சொல்லும் செய்தி யாருக்குச் சொந்தம்? நீரிழிவைக் கண்டறியும் கருவிகளின் வரலாற்றை விஞ்ஞான முன்னேற்றம் என்கிற கதையாடலாக மட்டும் வாசிக்கிறபோது இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் சிறுநீரைச் சுவைத்து அதன் இனிப்பைப் பதிவுசெய்தார். பிற்பாடு நாக்கின் இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. பெனடிக்ட் கரைசலில் சிறுநீரை விட்டுக் கொதிக்கவைத்து, நீலம் செங்கல் நிறமாவதைப் பார்த்தார்கள். 1956இல் அமெரிக்காவின் மைல்ஸ் நிறுவனம், ஹெலன் ஃப்ரீ – ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொதிக்கவைக்க வேண்டாம், நனைத்தால் போதும். ஆனால் சிறுநீர் சொல்வது பழைய சேதி. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அதில் தெரியும். ஆபத்தான அளவுக்குக் குறைவது தெரியவே தெரியாது.

1960களின் நடுவில் வந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் ரத்தத்தையே சோதித்தது. பட்டையில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். சர்க்கரை கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். ஆனால் நீரிழிவு கண்ணையே தின்கிற நோயாயிற்றே! 1970இல் ஆன்டன் கிளெமன்ஸ் வடிவமைத்த கருவி, பட்டையின்மீது ஒளி பாய்ச்சித் திரும்பிவரும் ஒளியை அளந்தது. அடர்ந்த நிறம் குறைந்த ஒளியையே திருப்பும். அது முள் காட்டும் எண்ணாயிற்று.

இங்கேதான் அதிகாரம் குறுக்கிடுகிறது. 12 வயதிலிருந்தே நீரிழிவோடு வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர் இக்கருவியை வாங்க முயன்றபோது, மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை என்றார்கள். மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். தினமும் பலமுறை விரலைக் குத்தி, எண்ணுக்கேற்ப உணவையும் இன்சுலினையும் மாற்றியமைத்தார். தன் அனுபவத்தை எழுதி அனுப்பினார். மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. கடைசியில் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நோயாளியாகப் பேசினால் அது வெறும் 'அனுபவம்', மருத்துவராகப் பேசினால்தான் 'அறிவு' என்கிற படிநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1993இல் வெளியான அமெரிக்க – கனடா ஆய்வு, 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அடிக்கடி ரத்தத்தைச் சோதித்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களிடம், விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்திருந்தது.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதைச் சுயகண்காணிப்பு என்பார்கள். நோயாளியே தன் உடலுக்குக் காவலாளியாகிவிட்டான் என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதி உண்மை. எண் மருத்துவர் கையில் மட்டும் இருந்தபோதும் கண்காணிப்பு இருந்தது. பதிலுக்கு ஏதும் செய்கிற வாய்ப்புத்தான் நோயாளிக்கு இல்லை. இன்று அந்தத் தடை போய்விட்டது. பதிலாக, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதுப்பட்டை வாங்க வேண்டியிருக்கிறது. முன்பு அனுமதி இல்லாமல் தன் எண்ணை அறியாதவர்கள் இருந்தார்கள். இப்போது காசு இல்லாமல் அறியாதவர்கள் இருக்கிறார்கள்.